நாளுக்கு நாள் இரட்டிப்பாகும் கூலி: ஜாவா லூப்பைப் பழக ஒரு கணக்கு

முதல் நாள் கூலி ஒரு பைசா. இரண்டாம் நாள் இரண்டு பைசா, மூன்றாம் நாள் நான்கு, நான்காம் நாள் எட்டு. இப்படி ஒவ்வொரு நாளும் முந்தைய நாள் கூலியைப் போல இரு மடங்கு. முப்பது நாள் வேலை பார்த்தால் கையில் எவ்வளவு வரும்?

ஜாவா என்ற புரோகிராமிங் மொழியைப் படிக்கத் தொடங்கும் பலருக்கும், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் லூப் பாடத்தில் இந்தக் கணக்கு வந்து நிற்கும். அமெரிக்கப் பாடநூல்களில் இது ஒரு சென்ட்டில் தொடங்கும். நாம் பைசாவிலேயே போடலாம். நம் ஊரில் 25 பைசா வரையான நாணயங்கள் 2011 ஜூன் 30-ஆம் தேதியோடு செல்லாமல் போய்விட்டன என்றாலும், கணக்குக்கு ஒரு பைசாவைவிட நல்ல தொடக்கம் இல்லை.

விடையை முன்பே சொல்லிவிடுகிறேன்: 1,07,37,418 ரூபாய் 23 பைசா. விடை தெரிந்திருப்பதால் குறை ஒன்றும் இல்லை. சொல்லப்போனால், புதிதாகப் படிக்கிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவதே இதுதான்: ஒரு சின்ன விடையாவது கையில் இல்லாமல் லூப் எழுத உட்காராதீர்கள். லூப்பில் வரும் பிழைகளில் பாதி எரர் காட்டாது. புரோகிராம் ஓடும், ஏதோ ஓர் எண்ணும் வரும், அது தப்பு என்று தெரியவே தெரியாது.

முதலில் தாளில் போடுங்கள்

கம்ப்யூட்டரைத் திறக்கும் முன் ஐந்து நாள் கணக்கைக் கையால் எழுதுங்கள்.

நாள் 1: கூலி 1, மொத்தம் 1
நாள் 2: கூலி 2, மொத்தம் 3
நாள் 3: கூலி 4, மொத்தம் 7
நாள் 4: கூலி 8, மொத்தம் 15
நாள் 5: கூலி 16, மொத்தம் 31

எழுதும்போது உங்கள் கை என்ன செய்தது என்று கவனியுங்கள். ஒவ்வொரு வரியிலும் இரண்டே வேலைகள்தான். இன்றைய கூலியை மொத்தத்தோடு கூட்டினீர்கள். பிறகு நாளைக்காகக் கூலியை இரட்டித்தீர்கள். இந்த இரண்டும், இதே வரிசையில், நாட்கள் முடியும்வரை. லூப்புக்குள் எழுதப்போவதும் இவ்வளவுதான்.

இன்னொன்றும் கண்ணில் பட்டிருக்கும். எந்த நாளின் மொத்தமும் மறுநாள் கூலியைவிடச் சரியாக ஒன்று குறைவு. மூன்றாம் நாள் மொத்தம் 7, நான்காம் நாள் கூலி 8. நான்காம் நாள் மொத்தம் 15, ஐந்தாம் நாள் கூலி 16. இது தற்செயல் இல்லை. மொத்தம் கூலியைவிட ஒன்று குறைவாக இருக்கும்போது அதோடு கூலியைக் கூட்டினால், இரு மடங்கு கூலியில் ஒன்று குறைந்ததுதானே வரும்? அந்த உறவு அப்படியே அடுத்த நாளுக்கும் தொடர்கிறது. இதை நினைவில் வைத்திருங்கள், விடையைச் சரிபார்க்கப் பின்னால் உதவும்.

மூன்று நாளுக்கு 7 என்ற விடையைத் தாளின் மேல் ஓரத்தில் பெரிதாக எழுதிக்கொள்ளுங்கள். எழுதும் புரோகிராமை முதலில் மூன்று நாளுக்குத்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும். முப்பதுக்கு அப்புறம் போகலாம்.

ஜாவாவைத் தயார் செய்தல்

ஜாவா புரோகிராமை உருவாக்கி ஓட்டத் தேவையான ஜேடிகே என்ற தொகுப்பை இன்ஸ்டால் செய்ய வேண்டும். ஆரக்கிள் தளத்தில் கிடைக்கும். அடாப்டியம் தளத்தில் டெமுரின் என்ற பெயரில் இலவசமாகவும் கிடைக்கும். ஏதாவது ஒன்று போதும். எழுதுவதற்கு விஷுவல் ஸ்டுடியோ கோட், இன்டெலிஜே, நோட்பேட் என எது பழக்கமோ அது. ஃபைலின் பெயரும் கிளாஸின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஜாவாவுக்கு வேறு வேறு. ஜாவா 11 முதல் ஒரே ஃபைலில் உள்ள புரோகிராமைத் தனியாகக் கம்பைல் செய்யாமல், அதாவது கம்ப்யூட்டர் ஓட்டும் வடிவத்துக்கு முன்கூட்டியே மாற்றாமல், நேராகவே ஓட்டலாம். படிக்கும் காலத்தில் இது நல்ல வசதி.

இந்தக் கட்டுரையில் ஜாவாவின் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஃபார், வைல், இன்ட், லாங் போன்றவற்றை எடிட்டரில் ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். ஆனால் நாம் வைக்கும் பெயர்கள், அதாவது எண்களைப் போட்டு வைக்கும் வேரியபிள்களின் பெயர்கள், தமிழிலேயே இருக்கலாம். கூலி, மொத்தம், நாள் என்றெல்லாம் பெயர் வைத்தால் ஜாவா மறுக்காது. ஜாவா 18 முதல் ஃபைல்களைத் தமிழையும் தாங்கும் யுடிஎஃப்-8 முறையிலேயே படிப்பதால் விண்டோஸிலும் இதில் சிக்கல் இல்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. "மொ" என்ற எழுத்தை ஒரே கொம்புக்காலாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு துண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஜாவாவுக்கோ அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். ஓரிடத்தில் ஒரு கீபோர்டிலும் இன்னோரிடத்தில் வேறு கீபோர்டிலும் தட்டினால், கண்ணெதிரே இருக்கும் "மொத்தம்" என்ற பெயரையே "கேனாட் ஃபைண்ட் சிம்பல்" என்று கம்பைலர் மறுக்கக்கூடும். அதனால் முழு புரோகிராமையும் ஒரே கீபோர்டில் தட்டுங்கள். வேலைக்குப் போனபின் எல்லோரும் ஆங்கிலப் பெயர்கள்தான் வைப்பார்கள், அதற்கும் பழகத்தான் வேண்டும். ஆனால் லூப்பைப் புரிந்துகொள்ளும் இந்த முதல் நாட்களில், கூலி என்று படித்தால் கூலி என்றே மனதில் பதிவது பெரிய உதவி.

லூப்பை எழுதுதல்

புரோகிராம் ஓடத் தொடங்கும் இடமான மெயின் மெத்தடுக்குள் எழுத வேண்டியது இது:

இன்ட் நாட்கள் = 3;
இன்ட் கூலி = 1;
இன்ட் மொத்தம் = 0;

ஃபார் (இன்ட் நாள் = 1; நாள் <= நாட்கள்; நாள்++) {
    மொத்தம் = மொத்தம் + கூலி;
    சிஸ்டம்.அவுட்.பிரின்ட்எல்என்(நாள் + "   " + கூலி + "   " + மொத்தம்);
    கூலி = கூலி * 2;
}

மேலே மூன்று வேரியபிள்கள். இன்ட் என்றால் முழு எண் வகை. கூலி 1-இல் தொடங்குகிறது, ஏனென்றால் முதல் நாள் கூலி ஒரு பைசா. மொத்தம் 0-இல் தொடங்குகிறது, ஏனென்றால் வேலை தொடங்கும் முன் கையில் ஒன்றும் இல்லை. எல்லாமே பைசாவில். ரூபாயாக மாற்றுவதைக் கடைசியில், திரையில் காட்டும்போது மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

ஃபார் வரியில் அரைப்புள்ளியால் பிரிந்த மூன்று பகுதிகள் உள்ளன. பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் மூன்றும் சேர்ந்து ஓடுவதாகப் பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. முதல் பகுதி ஒரே ஒரு தடவை, தொடக்கத்தில் மட்டும் நடக்கிறது. நடுப்பகுதி ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் கேட்கப்படும் கேள்வி: நாள் இன்னும் எல்லைக்குள் இருக்கிறதா? ஆம் என்றால் அடைப்புக்குள் இருப்பது ஓடும். அது ஓடி முடிந்தபின் மூன்றாம் பகுதியான நாள்++ நடந்து நாள் ஒன்று கூடும். பிறகு மறுபடி கேள்வி. மூன்று நாள் கணக்கில் நாள் 4 ஆனதும் கேள்விக்கு "இல்லை" என்று விடை வரும், லூப் முடியும். ஆக, கேள்வி நான்கு தடவை கேட்கப்படுகிறது, உள்ளே இருப்பது மூன்று தடவை ஓடுகிறது.

ஓட்டினால் திரையில் இது வரும்:

1   1   1
2   2   3
3   4   7

தாளில் எழுதிய 7 வந்துவிட்டதா? வந்திருந்தால் நாட்களை 30 ஆக்குங்கள். கடைசி வரியில் மொத்தம் 1073741823 என்று நிற்கும். அதுதான் பைசாவில் நம் விடை.

அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாக நிதானமாகப் படித்துப் பாருங்கள். பத்து நாள் முடிவில் மொத்தம் 10 ரூபாய் 23 பைசாதான். இருபதாம் நாள் முடிவில் 10,485 ரூபாய் 75 பைசா. இருபத்தெட்டு நாள் பிப்ரவரி என்றால் 26,84,354 ரூபாய் 55 பைசா. இன்னும் இரண்டே நாள் போனால் அது ஒரு கோடியைத் தாண்டுகிறது. மொத்தத்தை மட்டும் காட்டும் புரோகிராமில் இந்த ஏற்றம் தெரியாது. ஒவ்வொரு நாளும் ஒரு வரி அச்சிடுவதால்தான் தெரிகிறது. மொத்தம் மட்டும் போதுமென்றால் லூப்பே வேண்டாம், இரண்டின் அடுக்கில் ஒன்றைக் கழித்தால் விடை வந்துவிடும். (அடுக்குக்கு ஜாவாவில் ^ குறியைப் போடாதீர்கள். 2 ^ 3 என்று எழுதினால் 8 வராது, 1 வரும். அந்தக் குறிக்கு அங்கே வேறு வேலை.)

தப்பான விடையே தப்பைச் சொல்லும்

மூன்று நாளுக்கு 7 வராமல் வேறு ஏதாவது வந்தால் கோடை அழித்துவிட்டு மறுபடி எழுத வேண்டியதில்லை. வந்த எண்ணைப் பாருங்கள். எங்கே தப்பு என்பதை அது ஏறக்குறைய நேராகவே காட்டிக்கொடுக்கும்.

14 வந்தால் வரிசை மாறியிருக்கிறது. கூட்டும் முன்பே இரட்டித்துவிட்டீர்கள், அதனால் 1, 2, 4 என்பதற்குப் பதில் 2, 4, 8 கூட்டப்பட்டிருக்கிறது. எத்தனை நாளுக்கு ஓட்டினாலும் இந்தத் தப்பில் சரியான விடையின் இரு மடங்கு வரும். முப்பது நாளுக்கு மட்டும் ஓட்டிப் பார்த்தவர் இதைக் கண்டுபிடிக்க வாய்ப்பே இல்லை. இரண்டு கோடிச் சொச்சம் வந்தால் அது தப்பென்று யாருக்குத் தோன்றும்?

3 வந்தால் <= இருக்க வேண்டிய இடத்தில் < இருக்கிறது, ஒரு நாள் குறைந்துவிட்டது. 15 வந்தால் நாள் என்ற வேரியபிளை 0-இல் தொடங்கி <= வைத்திருக்கிறீர்கள், ஒரு நாள் கூடிவிட்டது. 0-இல் தொடங்குவதும் தப்பில்லை, ஆனால் அப்போது < தான் பொருந்தும். இரண்டையும் கலக்கக் கூடாது. 8 வந்தால் மொத்தத்தை 1-இல் தொடங்கியிருக்கிறீர்கள். 0 மட்டுமே வந்தால் கூலி 0-இல் தொடங்குகிறது. பூச்சியத்தை எத்தனை முறை இரட்டித்தாலும் பூச்சியம்தான்.

மொத்தம் என்ற வரிசை 1, 2, 4 என்று கூலியைப் போலவே இருந்தால், மொத்தத்தை லூப்புக்கு உள்ளே அறிவித்திருக்கிறீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் அது புதிதாகப் பிறந்து 0-இல் தொடங்குகிறது. வெளியே, லூப்புக்கு மேலே கொண்டுவாருங்கள்.

ஓடாமலே நின்றுபோகும் தப்புகள் இரண்டு. கூலி * 2; என்று மட்டும் எழுதினால் "நாட் எ ஸ்டேட்மென்ட்" என்று எரர் வரும். பெருக்கிய விடையை எங்கேயும் வைக்கவில்லையே, அதுதான் காரணம். இன்னொன்று, ஃபார் வரியின் இறுதியில் அரைப்புள்ளி போடுவது. அந்த அரைப்புள்ளியோடு லூப் முடிந்துவிடுகிறது. கீழே இருக்கும் அடைப்பு லூப்போடு சம்பந்தமில்லாமல் தனியாக நிற்கிறது. நாள் என்ற வேரியபிள் ஃபாருக்குள் மட்டுமே உயிரோடு இருப்பதால், அதை அடைப்புக்குள் அச்சிட முயன்றால் "கேனாட் ஃபைண்ட் சிம்பல்" வரும். இந்த எரர் நமக்கு நல்லதுதான். நாள் என்ற வேரியபிளை அச்சிடாமல் இருந்திருந்தால் அடைப்பு ஒரே தடவை அமைதியாக ஓடி, மொத்தம் 1 என்று முடிந்திருக்கும்.

ரூபாயும் பைசாவுமாகக் காட்டுதல்

இங்கே பலர் புள்ளி வைத்த எண்களுக்கான டபுள் என்ற வகையைத் தேடிப் போவார்கள். கூலியை 0.01 என்று தொடங்கினால் நேராக ரூபாயிலேயே வருமே என்ற எண்ணம். பணக் கணக்குக்கு டபுள் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 0.01 என்ற எண்ணை டபுளால் துல்லியமாக வைத்திருக்க முடியாது, அதற்கு மிக அருகில் உள்ள ஓர் எண்ணைத்தான் வைத்திருக்கும். ஜாவாவில் 0.1 + 0.2 என்று அச்சிட்டுப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். போதாததற்கு, டபுள் ஒரு கோடியைத் தொட்டவுடன் பிரின்ட்எல்என் எழுதும் முறையும் மாறிவிடும். நம் விடையை டபுளாக அச்சிட்டால் 1.073741823 என்று வந்து, பின்னால் ஆங்கில "ஈ" எழுத்தும் 7-ம் ஒட்டியிருக்கும். பத்தின் ஏழாவது அடுக்கால் பெருக்கிக்கொள்ளுங்கள் என்று அதற்கு அர்த்தம். சம்பளக் கணக்கை யாரும் அப்படிப் படிக்க மாட்டார்கள்.

பைசாவை முழு எண்ணாகவே வைத்துக்கொண்டு, காட்டும்போது மட்டும் பிரியுங்கள். மொத்தம் / 100 என்றால் ரூபாய். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் ஜாவா மீதியை விட்டுவிடும், நமக்கு வேண்டியதும் அதுதான். மொத்தம் % 100 என்றால் அந்த மீதி, அதாவது பைசா.

இதிலும் ஒரு பொறி உண்டு. இரண்டுக்கும் நடுவே புள்ளி வைத்து அப்படியே ஒட்டினால், முதல் நாள் கூலி 0.1 என்று வரும். படிப்பவர் அதைப் பத்து பைசா என்றுதான் எடுத்துக்கொள்வார். இருபத்து மூன்றாம் நாள் கூலி 41,943 ரூபாய் 4 பைசா. அது 41943.4 என்று வரும், நாற்பது பைசா ஆகிவிடும். பைசா எப்போதும் இரண்டு இலக்கமாக, முன்னால் பூச்சியத்தோடு வர வேண்டும். அதற்கு பிரின்ட்எஃப்:

சிஸ்டம்.அவுட்.பிரின்ட்எஃப்("%4டி %10டி.%02டி%என்", நாள், மொத்தம் / 100, மொத்தம் % 100);

%4டி என்பது நான்கு இடம் விட்டு வலப்பக்கம் ஒட்டி எழுதச் சொல்கிறது. %02டி என்பது இரண்டு இடம், காலியாக இருந்தால் பூச்சியத்தால் நிரப்பு என்கிறது. %என் அடுத்த வரிக்குப் போகும். டி, என் இரண்டும் ஆங்கிலத்தின் சின்ன எழுத்துகள். இந்த வரியை முன்பு எழுதிய பிரின்ட்எல்என் வரிக்குப் பதிலாக வையுங்கள். பத்திகள் நேராக நிற்கும்.

நாட்களைப் பயனரிடம் கேட்டல்

ஃபைலின் முதல் வரியில், பயனர் தட்டுவதைப் படிக்கும் ஜாவா.யுடில்.ஸ்கேனர் என்பதை இம்போர்ட் செய்துவிட்டு, நாட்களை 3 என்று எழுதிய வரியை எடுத்துவிட்டு இதை வையுங்கள்:

ஸ்கேனர் உள்ளீடு = நியூ ஸ்கேனர்(சிஸ்டம்.இன்);
இன்ட் நாட்கள் = உள்ளீடு.நெக்ஸ்ட்இன்ட்();
வைல் (நாட்கள் < 1) {
    சிஸ்டம்.அவுட்.பிரின்ட்எல்என்("1 அல்லது அதற்கு மேல் கொடுங்கள்:");
    நாட்கள் = உள்ளீடு.நெக்ஸ்ட்இன்ட்();
}

யாராவது 0 அல்லது -5 கொடுத்தால், சரியான எண் வரும்வரை திரும்பத் திரும்பக் கேட்கும். எத்தனை தடவை கேட்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டியே தெரியாது. அதனால்தான் இங்கே ஃபாருக்குப் பதில் வைல். அடைப்புக்குள் மறுபடி வாங்கும் வரியை மறந்துவிட்டால் நாட்கள் மாறவே மாறாது, செய்தி முடிவில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அப்படி நேர்ந்தால் பதற வேண்டாம். கன்ட்ரோல் கீயைப் பிடித்துக்கொண்டு "சி" தட்டினால் நின்றுவிடும்.

எண்ணுக்குப் பதில் எழுத்தைத் தட்டினால் புரோகிராம் விழுந்துவிடும். அதைத் தடுக்க ஹாஸ்நெக்ஸ்ட்இன்ட் என்று முதலில் கேட்டுப் பார்க்கலாம். அடுத்து இருப்பது எண் இல்லை என்று விடை வந்தால், நெக்ஸ்ட் என்று போட்டு அந்தச் சொல்லை எடுத்து எறிந்துவிட வேண்டும். எறியாவிட்டால் அதே சொல் முன்னால் நின்றுகொண்டே இருக்கும், லூப்பும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

எத்தனை நாளில் ஒரு லட்சம்?

இப்போது கேள்வியைத் திருப்பிப் போடுவோம். நாட்கள் தெரியாது, தொகை தெரியும். மொத்தம் ஒரு லட்சம் ரூபாயைத் தொட எத்தனை நாள் ஆகும்?

இன்ட் இலக்கு = 1_00_00_000;
இன்ட் நாள் = 0;
வைல் (மொத்தம் < இலக்கு) {
    நாள்++;
    மொத்தம் = மொத்தம் + கூலி;
    கூலி = கூலி * 2;
}

ஒரு லட்சம் ரூபாய் என்றால் ஒரு கோடி பைசா. எண்ணுக்கு நடுவே அடிக்கோடு போட ஜாவா 7 முதல் அனுமதி உண்டு. மூன்று மூன்றாகத்தான் பிரிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால், நம் வழக்கப்படி கோடி, லட்சம் என்றே பிரித்து எழுதலாம். பூச்சியம் கூடிக் குறையாமல் இருக்க இது நல்ல பழக்கம்.

விடை 24. இருபத்து மூன்றாம் நாள் முடிவில் மொத்தம் 83,886 ரூபாய் 7 பைசா. இருபத்து நான்காம் நாள் ஒரு நாள் கூலியே 83,886 ரூபாய் 8 பைசா. அதைச் சேர்த்தவுடன் 1,67,772 ரூபாய் 15 பைசா ஆகிறது. தாளில் கண்ட அந்த "ஒன்று குறைவு" இங்கேயும் இருக்கிறது, பாருங்கள்.

முப்பத்திரண்டாம் நாள்

இதுவரை எல்லாம் சரியாகப் போனது. இப்போது நாட்களை 34 என்று கொடுத்து, முதலில் எழுதிய பைசாப் பட்டியலை ஓட்டுங்கள். கடைசி நான்கு வரிகள் இப்படி வரும்:

31   1073741824   2147483647
32   -2147483648   -1
33   0   -1
34   0   -1

முப்பத்திரண்டாம் நாள் கூலி கழித்தல் குறியோடு வருகிறது. மொத்தம் கழித்தல் ஒன்று. அதற்கு மேல் கூலியே இல்லை. ஜாவா எந்த எச்சரிக்கையும் தரவில்லை.

இன்ட் என்பது 32 பிட் இடம் (ஒரு பிட்டில் 0 அல்லது 1 மட்டுமே அடங்கும்). அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2147483647. முப்பத்தொரு நாள் மொத்தம் மிகச் சரியாக அதே எண், ஒரு பைசா கூடினாலும் இடம் கொள்ளாது. ஓடோமீட்டர் 99999-க்குப் பின் 00000-க்குத் திரும்புவதைப் போல, இன்ட் தன் உச்சத்தைத் தாண்டினால் அடிமட்டத்தில் உள்ள -2147483648-க்குப் போய்விடுகிறது. அதை இரட்டித்தால் 32 பிட்டில் மிஞ்சுவது 0. மாதக் கணக்காக 31 நாள்வரை மட்டும் ஓட்டிப் பார்க்கிறவருக்கு இந்தக் குறை கண்ணில் படவே படாது.

"மொத்தம், அடுத்த நாள் கூலியைவிட ஒன்று குறைவு" என்ற சோதனையாவது இதைப் பிடிக்குமா? பிடிக்காது. முப்பத்திரண்டாம் நாளுக்குப் பின் கூலி 0, மொத்தம் -1. உறவு அப்படியே இருக்கிறது! வரிசைப் பிழையையும் தொடக்க எண் பிழையையும் அந்தச் சோதனை பிடிக்கும், இடம் கொள்ளாத பிழையைப் பிடிக்காது. ஒரு சோதனை எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும் என்று தெரிந்து வைத்துக்கொண்டுதான் அதை நம்ப வேண்டும்.

மாற்று எளிது. கூலி, மொத்தம் இரண்டையும் லாங் ஆக்குங்கள், 64 பிட் கிடைக்கும். மொத்தத்தை மட்டும் மாற்றிவிட்டுக் கூலியை இன்ட்டாகவே விட்டால் பயனில்லை. கூலி கெட்டுப்போய்த்தானே மொத்தத்தில் சேர்கிறது, அதே -1 மறுபடி வரும். தப்பு நேர்ந்தால் சத்தமாகத் தெரிய வேண்டும் என்று நினைத்தால் ஜாவா 8 முதல் உள்ள மேத்.ஆட்எக்ஸாக்ட், மேத்.மல்டிப்ளைஎக்ஸாக்ட் இரண்டையும் பயன்படுத்துங்கள். இடம் கொள்ளாதபோது அவை தப்பான எண்ணைத் தராமல் புரோகிராமை நிறுத்திவிடும். இன்ட்டிலேயே இவற்றைப் போட்டால் 31 நாள் கேட்டாலும் இறுதியில் எரர் வரும், ஏனென்றால் நாம் கேட்காத முப்பத்திரண்டாம் நாள் கூலியையும் லூப் கணக்கிட்டு வைக்கிறது.

இந்தக் குறை வைல் லூப்பில் இன்னும் மோசமாக வெளிப்படும். இலக்கை மூன்று கோடி ரூபாய் என்று வையுங்கள். பைசாவில் அது 3_00_00_00_000. இன்ட்டில் அடங்காததால் இலக்கை லாங் ஆக்கி, எண்ணின் இறுதியில் ஆங்கிலப் பெரிய "எல்" எழுத்தையும் சேர்க்க வேண்டும். கூலியும் மொத்தமும் இன்ட்டாகவே இருந்தால் என்ன ஆகும்? மொத்தம் முப்பத்தொராம் நாளில் உச்சத்தைத் தொட்டும் இலக்கை எட்டாது. மறுநாள் -1 ஆகும், அப்புறம் -1 ஆகவே நிற்கும். இலக்கைவிட அது என்றுமே குறைவுதான். லூப் நிற்கவே நிற்காது. லாங்குக்கு மாற்றினால் 32 என்று உடனே விடை வரும், மொத்தம் 4,29,49,672 ரூபாய் 95 பைசா.

லாங்கும் போதாத இடம்

லாங்கின் உச்சம் 9223372036854775807. அது 63 நாள்வரை தாங்கும். 64-ஆம் நாளில் மறுபடி அதே -1.

64 என்றதும் சதுரங்கப் பலகை நினைவுக்கு வரலாம். கேரளத்தின் அம்பலப்புழைக் கோயிலில் பால்பாயசம் வந்த கதையாகச் சொல்லப்படுவதும் இதே கணக்குதான். முனிவர் வேடத்தில் வந்த கண்ணன் அரசனோடு சதுரங்கம் ஆடி வென்று, முதல் கட்டத்துக்கு ஒரு அரிசி, அடுத்ததற்கு இரண்டு, அடுத்ததற்கு நான்கு என்று 64 கட்டங்களுக்கும் கேட்டார் என்பது கதை. அரசனின் களஞ்சியம் போதவில்லை. கணக்கு லாங்கிலும் ஒரே ஒரு கட்டத்தில் தவறிவிடுகிறது.

இப்படிப்பட்ட இடத்துக்கு ஜாவா.மேத் தொகுப்பில் பிக்இன்டிஜர் இருக்கிறது. எண் வளர வளர அதற்கான இடமும் வளரும். கூட்டல் குறியும் பெருக்கல் குறியும் அதில் செல்லாது, மெத்தடுகளைத்தான் கூப்பிட வேண்டும்:

பிக்இன்டிஜர் கூலி = பிக்இன்டிஜர்.ஒன்;
பிக்இன்டிஜர் மொத்தம் = பிக்இன்டிஜர்.சீரோ;

ஃபார் (இன்ட் நாள் = 1; நாள் <= 64; நாள்++) {
    மொத்தம் = மொத்தம்.ஆட்(கூலி);
    கூலி = கூலி.ஆட்(கூலி);
}

கூலியை இரட்டிக்கக் கூலியோடு கூலியையே கூட்டியிருக்கிறோம். இடப்பக்கம் உள்ள "மொத்தம் =" என்பதை விட்டுவிட்டு மொத்தம்.ஆட்(கூலி) என்று மட்டும் எழுதினால், இந்தத் தடவை கம்பைலர் எரர் காட்டாது. புதிய எண் ஒன்று உருவாகி, யாரும் எடுத்துக்கொள்ளாமல் போய்விடும், மொத்தம் கடைசிவரை 0 ஆகவே இருக்கும். லூப் முடிந்தபின் மொத்தத்தை அச்சிடுங்கள். 18446744073709551615 என்று வர வேண்டும்.

அடுத்து நீங்களாகச் செய்து பார்க்க ஒரு கணக்கு: கூலி இரட்டிப்பதற்குப் பதில் நாளுக்கு மூன்று மடங்காகட்டும். 1, 3, 9 என்று போகும், மூன்று நாள் மொத்தம் 13. இங்கே மொத்தம் அடுத்த நாள் கூலியில் ஒன்றைக் கழித்துப் பாதியாக்கியது: 27-இல் ஒன்று போக 26, அதில் பாதி 13. இன்ட் வைத்தால் எத்தனையாவது நாளில் மொத்தம் கெட்டுப்போகிறது என்று முதலில் தாளில் போடுங்கள், அப்புறம் ஓட்டிப் பாருங்கள். இந்தத் தடவை எண் -1-இல் போய் நிற்காது என்பதால் கெட்ட இடத்தைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் சிரமம். மேத்.மல்டிப்ளைஎக்ஸாக்ட் அங்கே கைகொடுக்கும்.